முக்கால் சைஸ் மெஷினுக்கு ஒரு மேசை

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
26.7.98, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

பிரபா எழுதுவது. இங்கே நானும் நம் பெண் தர்ஷினியும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, இடையிடையே சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிற மனிதர், இந்தத் தடவை ஒரு பக்கத்தோடு முடித்துவிட்டீர்கள். அதிலும் பாதிக்கு மேல் உத்தரவு. தீபாவளிக்குள் வீட்டைக் காலி செய். குடியாத்தம் போய் அம்மாவோடு இரு. தர்ஷினியை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர். மௌரீன் கொடுத்த மெஷினை விற்றுவிடு. எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். ஏன் என்று ஒரு வரி கூட இல்லை. இதற்கெல்லாம் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் வீட்டுச் சேதியைக் கேளுங்கள்.

நீங்கள் கண்ணால் பார்க்காத பொருளை விற்கச் சொல்கிறீர்கள், அதனால் அந்த மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு மௌரீன் மே மாதம் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போனார் என்று எழுதியிருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, "இத நீ எடுத்துக்கோ பிரபா, ப்ளேன்ல இந்த இரும்பத் தூக்க மாட்டேன்னு என் பையன் சொல்லிட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய மெஷினாம். எழுபது வருஷம் இருக்கும். கறுப்பு உடம்பு, மேலே வரைந்திருந்த தங்கநிறப் பூங்கொடி பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, வலது பக்கம் கையால் சுற்றுகிற சக்கரம். கூட இருந்த மேசையைச் செல் அரித்து எப்போதோ விறகாக்கிவிட்டார்கள். அதனால் தலை மட்டும்தான் என்னிடம் வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் நான்கு வருஷம் காலர் மட்டுமே தைத்தவள் நான். எனக்கு மெஷின் தெரியும், மாமா. இது நல்ல மெஷின்.

ஏப்ரலில் அந்த வேலையை விட்டதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்தோம். இப்போது நான் வீட்டிலேயே இருக்கிறேன், வேலையும் வீட்டுக்கே வருகிறது. முதலில் பக்கத்து வீட்டு ரவிக்கை ஒன்று வந்தது. இன்றைக்கு மூன்று தெருவிலிருந்து வருகிறார்கள். இரண்டு ஸ்டூல், மேலே ஒரு பலகை, அதன் மேல் மெஷின். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை துணியைத் தள்ள, கழுத்து வளைவு வரும்போது இன்னொரு கை இல்லையே என்று இருக்கும்.

இதில்தான் ஒரு தொந்தரவு. நம் ஓனர் வெங்கடசுப்ரமணியன் சார் விதான சௌதாவில் ஃபைல் பார்த்தது போலவே, ரிட்டையர் ஆன பிறகு மாடியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் இறங்கி வந்தார். "நோடம்மா, இங்க பாரு, நான் வீட்டக் குடித்தனத்துக்குத்தான் குடுத்தேன், கடை போட இல்ல. கார்ப்பரேஷன்காரன் எட்டிப் பார்த்தான்னா கமர்ஷியல்னு எழுதிண்டு போயிடுவான்" என்றார். அதுவாவது பரவாயில்லை. விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அதிதியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாடிப்படி நம் முன் ரூமை ஒட்டித்தானே ஏறுகிறது? உள்ளே பலகையும் மெஷினும் துணி மூட்டையுமாகக் கிடந்தால் அவருக்கு மரியாதை இல்லையாம். அதற்குள் மெஷின் கண்ணில் படாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பின் ரூமில் வெளிச்சம் இல்லை, அங்கே போட்டால் ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாது. ஆனால் சில மேசைகள் இருக்கின்றன, மாமா. வேலை முடிந்ததும் மெஷின் தலையை அப்படியே உள்ளே மடக்கி இறக்கி, மேலே பலகையை மூடிவிட்டால் வெறும் மேசைதான் தெரியும். மௌரீன் வீட்டில் அப்படித்தான் இருந்ததாம். அந்த மாதிரி ஒன்று வாங்கிவிடுவேன் என்று சாரிடம் சொன்னேன். நீங்களே ரூமுக்குள் வந்து தேடினாலும் மெஷினைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னேன். அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இப்போது உங்கள் உத்தரவுக்குப் பதில். அத்தைக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் வீட்டைக் காலி செய்ய மாட்டேன், மெஷினை விற்க மாட்டேன். கோபம் வந்தால் இந்த வரியைப் படிக்காத மாதிரி மடித்து வைத்துவிடுங்கள். காரணம் என்னவென்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

வெயிலில் நிறைய தண்ணீர் குடியுங்கள்.

உங்கள்,
பிரபா

*

ஆஸ்டின் டவுன்,
6.9.98

அன்புள்ள மாமாவுக்கு,

பிரபா வணக்கம். நாங்கள் சுகம். தர்ஷினிக்கு முன்பல் விழுந்துவிட்டது, "ஸ" வராமல் பேசிக்கொண்டு திரிகிறாள். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, உங்கள் போன கடிதத்தில் அதுகூட இல்லை. "சொன்னதைச் செய்" என்று ஏழு வரி. கவரின் பின்னால் எப்போதும் இருக்கும் கம்பெனி முத்திரையும் இல்லை, தபால் பெட்டி எண்ணும் புதிது. ஆபீஸ் மாறிவிட்டதா?

மேசை தேடிய கதையைச் சொல்கிறேன், சிரிப்பீர்கள். அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. அதனால் மெஷினை நியூஸ் பேப்பர் மேல் வைத்து, அடிப்பாகத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டேன். ரவிக்கைக்குப் பேப்பர் கட்டிங் போடுகிறோமே, அதே மாதிரி. அந்தப் பேப்பரை எந்த மேசையின் ஓட்டையில் வைத்துப் பார்த்தாலும் பொருந்துகிறதா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எனக்கு என் மூளையைப் பார்த்து ரொம்பப் பெருமை.

முதல் ஞாயிறு சிவாஜி நகர் குஜிரிக்குப் போனேன். பழைய கட்டில், பழைய ஃபேன், பழைய டெலிபோன் என்று தெரு முழுக்கப் பழைய சாமான் கடை. தையல் மேசை மட்டும் பதினைந்து பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் ஓட்டை பெரிது. என் பேப்பர் நீளவாக்கில் நிற்காமல் உள்ளே விழுந்துவிடுகிறது. ஒரு கடைக்கார பாய் என்னையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இங்க இருக்கறது எல்லாம் ஃபுல் சைஸ். உங்களுது முக்கால் சைஸ் மெஷின். முக்காலுக்கு டேபிள் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், அதெல்லாம் வெள்ளக்காரங்க வீட்டோட போச்சு" என்றார். மெஷினில் கூட முக்கால் சைஸ் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய பங்களாவை அபார்ட்மெண்ட் கட்ட இடிக்கிறார்கள், வீட்டுச் சாமானெல்லாம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே ஒரு மேசை இருந்தது, மாமா. தேக்கு. இரண்டு பக்கமும் சின்ன இழுப்பறை. கீழே இரும்புப் பெடல், காலால் மிதித்தால் சக்கரம் சுகமாகச் சுற்றுகிறது. பெடல் இருந்தால் மெஷினின் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தோல் பெல்ட் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு கையும் துணிக்கே கிடைக்கும். ஆசை ஆசையாகப் பேப்பரை வைத்தேன். இந்த ஓட்டை சின்னது. நாலு பக்கமும் அரை அங்குலம் பேப்பர் மடங்கிக்கொண்டு மேலே ஏறி நிற்கிறது. குஜிரியில் எல்லாம் பெரிது, இங்கே சின்னது. என் மெஷின் மட்டும் என்ன தனிப் பிறவியா என்று எரிச்சலாக வந்தது. மேசையை இரண்டு தடவை சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கடைக்குக் கடை அலைந்தது போதும், புதிதாகவே செய்துவிடலாம் என்று நீலசந்திராவில் நாணுவிடம் சொல்லியிருக்கிறேன். மலையாளத்துக்காரர், முப்பது வருஷமாக இங்கே கார்பென்டர். பெடல் எல்லாம் தன்னால் முடியாது, தலை உள்ளே மடங்கி இறங்குகிற மாதிரி நல்ல மேசையாகச் செய்து தருகிறேன் என்றார். மெஷினை வந்து பார்க்கச் சொன்னேன். "எதுக்கு? பேப்பர்தான் குடுத்தீங்களே. நான் கோடு மேல அறுத்தா மயிரிழை தப்பாது" என்று சொல்லி, என் பேப்பரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிற வாரம் கொண்டுவந்து போடுவார். பெண் பார்க்க வருவதற்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. சார் மாடியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன், அவருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு வார்த்தை விவரமாக எழுதுங்கள், மாமா. என் மேல் கோபமென்றாலும் கோபத்தையாவது நான்கு பக்கம் எழுதுங்கள்.

உங்கள்,
பிரபா

*

ஆஸ்டின் டவுன்,
20.9.98

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலமே. என் வலது தொடையில் மட்டும் ஒரு கன்றிப்போன இடம் இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

நாணு சொன்ன நாளில் மேசையைக் கொண்டுவந்துவிட்டார். வழுவழுவென்று இழைத்து, பாலிஷ் போட்டு, பார்க்க அவ்வளவு அழகு. ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். நாணு மெஷினைத் தூக்கி ஓட்டையில் வைத்துக் கையை எடுத்தார். மெஷின் ஓட்டை வழியாக நேராக என் மடியில் வந்து விழுந்தது. நல்லவேளையாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாணு முதலில் பயந்தார், அப்புறம் கத்தினார். "அளவு என் தப்பில்ல, உங்க பேப்பர்தான் இது, கோடு மேலதான் அறுத்திருக்கேன்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தார். அதன் மேல் மெஷினை வைத்தோம்.

மாமா, மெஷினைச் சுற்றி நாலு பக்கமும் அரை அங்குலம் பேப்பர் வெளியே தெரிகிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதினெட்டு வயதிலிருந்து பேப்பர் வெட்டுகிற கை. உடம்பளவு எடுத்தால் அதோடு அரை அங்குலம் லூஸ் சேர்த்து வெட்டியே பழகிய கை. யாரும் சொல்லாமலே கத்திரிக்கோல் தானாகக் கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. இரும்பு மெஷினுக்குப் போய், மூச்சுவிட இடம் வேண்டுமென்று லூஸ் வைத்து வெட்டியிருக்கிறேன். இதைச் சொன்னதும் நாணு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கு ரிச்மண்ட் டவுன் மேசை ஞாபகம் வந்துவிட்டது. நாலு பக்கமும் அரை அங்குலம் மடங்கியது என்று உங்களுக்கு எழுதினேனே, அதுதான் என் மெஷினுக்குச் சரியான அளவு. கைக்குள் வந்ததை வேண்டாமென்று நானே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் தர்ஷினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ரிச்மண்ட் டவுன் ஓடினேன். பங்களாவில் பாதிக் கூரை இல்லை. சாமான் எதுவும் இல்லை. வாட்ச்மேன் மட்டும் இருந்தார். எந்தச் சாமான் எந்த வீட்டுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதி வைத்துத்தான் கேட்டைத் திறந்துவிடுவாராம், மகராசன். தையல் மேசை கோரமங்களாவுக்குப் போயிருந்தது. விலாசத்தை என் கையிலேயே எழுதிக்கொண்டு வந்தேன்.

அது நாலு கம்ப்யூட்டர் பையன்கள் சேர்ந்திருக்கிற வீடு. மேசையை வாங்கியவர் பெயர் ஹரிஷ்குமார், ஈரோட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை போனேன், எல்லோரும் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மேசையின் மேல் டி.வி. மாதிரிப் பெரிதாக ஒரு கம்ப்யூட்டர். இடம் போதாமல் பாதி வெளியே தொங்குகிறது, வயரெல்லாம் கொடி மாதிரித் தரையில் ஓடுகிறது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். இதைவிடப் பெரிய புது மேசை ஒன்று என்னிடம் இருக்கிறது, தேக்கு இல்லைதான், ஆனால் நல்ல மரம், நீங்கள் அதை எடுத்துக்கொண்டு இதைக் கொடுங்கள், ஆனால் அதில் நடுவில் ஓட்டை இருக்கிறது என்று உண்மையையும் சொல்லிவிட்டேன். ஓட்டை என்றதும் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அந்தப் பையன் முகம் மலர்ந்து, "ஏனுங்க்கா, அந்த ஓட்டைக்குள்ள இந்த வயரெல்லாம் வுட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

எத்தனை வயர் வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம் என்றேன். அன்று மாலையே நாணு ஒரு டெம்போவில் அதை இறக்கிவிட்டு இதை ஏற்றிக்கொண்டு வந்தார். மெஷினை ஓட்டையில் வைத்தோம். பின்பக்கத்துக் கீல் இரண்டும் மெஷினின் துளைக்குள் தானாகப் போய் உட்கார்ந்தன. மடக்கினால் இறங்குகிறது, மூடினால் மேசை. பெல்ட் மாட்டிப் பெடலை மிதித்தேன். கழுத்து வளைவு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து ஒரே ஓட்டமாகத் தைத்து முடித்தேன். நாணு போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்களிடமிருந்து இந்த மாதம் ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறவர் அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார். நான் பயப்படவில்லை. ஆனால் எழுதுங்கள்.

உங்கள்,
பிரபா

*

ஆஸ்டின் டவுன்,
5.10.98, திங்கட்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பிரபாவும் தர்ஷினியும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். ஆயுத பூஜைக்கு மேசையைத் துடைத்து, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். மெஷின் பக்கத்தில் இன்னொரு பொருளையும் வைத்து அதற்கும் பொட்டு வைத்தேன். அது என்ன என்று பின்னால் எழுதுகிறேன்.

நேற்று பெண் பார்க்க வந்தார்கள். ஐந்து பேர் என்று சொல்லிப் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். மாடியில் இடம் போதவில்லை. சார் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, நாலு பேரை நம் முன் ரூமில் உட்கார வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா நடுவில் உட்கார்ந்து, மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பஜ்ஜியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். சார் வீட்டு மாமி காபி டம்ளர்களை அதன் மேலேயே வரிசையாக வைத்தார். மெஷினுக்கு நேர் மேலே காபி. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பெரியவர் மேசையைத் தட்டிப் பார்த்து, நல்ல பழைய தேக்கு என்று சாரிடம் சொன்னார். சார் அவரிடம் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "மெஷினை எங்கம்மா வெச்சே? ஒருவழியா குடுத்துட்டியா?" என்று ரகசியமாகக் கேட்டார். அவர் கையும் அதே மேசை மேல்தான் இருந்தது. காபி ஆறுகிறது, குடியுங்கள் சார் என்றேன்.

எல்லோரும் போன பிறகு மேலே இருந்த பலகையைத் திறந்து தலையைத் தூக்கி நிறுத்திக் காட்டினேன். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவரே இரண்டு தடவை மடக்கி, இரண்டு தடவை திறந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அவர்கள் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போன சந்தோஷம் அவருக்கு. கல்யாண ரவிக்கை எல்லாம் பிரபாதான் தைக்க வேண்டும் என்று மாமி அங்கேயே சொல்லிவிட்டார். சார் வேறு வீடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது இன்னொரு விஷயம். போன ஞாயிறு உங்கள் ரூம்மேட் ரங்கா லிங்கராஜபுரத்திலிருந்து வந்தார். லீவில் வந்திருக்கிறாராம். பால் பவுடர், சோப்பு, தர்ஷினிக்குப் பென்சில் பெட்டி எல்லாம் கொடுத்தார். கடைசியாக ஒரு கனமான பையை எடுத்துக் கீழே வைத்தார். உங்கள் டூல்ஸ் பை. ஜிப் அறுந்த இடத்தில் நான் தைத்துக் கொடுத்த அதே பை. டெஸ்டர், கட்டிங் பிளேயர், மீட்டர் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது. "லக்கேஜ்ல கொஞ்சம் எடம் இருந்துச்சு சிஸ்டர், அதான் பாலு குடுத்து வுட்டாரு" என்று சொல்லிவிட்டு, ரங்கா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டூல்ஸ் பையை ஊருக்கு அனுப்பிவிட்டு ஒரு எலெக்ட்ரீஷியன் எதை வைத்து வேலை செய்வார் என்று நான் ரங்காவைக் கேட்கவில்லை. அவர்தான் என்னென்னவோ சொன்னார், பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். அவர் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்களே எனக்குச் சொல்லும்போது புதிதாகக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொள்வேன். குடியாத்தம் போ என்று ஏன் எழுதினீர்கள், கடிதம் ஏன் சுருங்கியது, முத்திரை ஏன் போனது, எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மே மாதத்திலிருந்து இதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அது ஒன்றுதான். வேறு கோபமே இல்லை, மாமா, சத்தியமாக இல்லை.

நீங்கள் ரொம்ப இளைத்துவிட்டதாகவும் ரங்கா சொன்னார். எத்தனை அங்குலம் என்று கேட்டேன். அவர் முழித்தார். உங்கள் பெல்ட்டில் இப்போது எத்தனையாவது துளை போடுகிறீர்கள் என்று கேட்டு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பத்தாம் தேதி அவர் மஸ்கட் திரும்பும்போது இரண்டு முழுக்கைச் சட்டை கொடுத்து அனுப்புகிறேன். வெயிலில் நிற்கிறவர்களுக்கு முழுக்கைதான் நல்லது. ஒன்றை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். நீலக் கோடு போட்டதைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருந்து ஏரோப்ளேனில் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சாப்பாட்டுக்கும் தர்ஷினி ஃபீஸுக்கும் நான் இருக்கிறேன். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. பதினோரு வருஷம் நீங்கள் இருந்தீர்கள், இப்போது கொஞ்ச நாள் நான். வேலைக்கும் இங்கே பஞ்சமில்லை. மேசை மாற்றிக்கொண்ட ஹரிஷ்குமார் போன வாரம் கிழிந்த பேண்டைத் தைக்க வந்தார். அவர்கள் கம்பெனி எலெக்ட்ரானிக் சிட்டியில் இரண்டு மாடி புதிதாகக் கட்டுகிறதாம், நல்ல எலெக்ட்ரீஷியன் கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம். ஆள் எனக்குத் தெரியும், வெளியூரில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின் பக்கத்தில் வைத்தது உங்கள் பையைத்தான். தர்ஷினிதான் பூ வைத்தாள். அப்பா டூல்ஸ் வந்துவிட்டதே, அப்பா எங்கே என்று கேட்டாள். லக்கேஜ் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார் என்றேன்.

இன்று காலையில் சார் ஒரு பேப்பரோடு இறங்கி வந்தார். வீட்டு அக்ரிமென்ட் இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதிதாக எழுதிவிடலாம் என்றார். இந்தத் தடவை என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். சேருங்கள், ஆனால் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றேன். இரண்டு பெயரையும் எழுதி டைப் அடித்துவிட்டார். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உங்களுடையதற்குத் தபாலில் மஸ்கட்டுக்கு அனுப்பி வாங்கலாமா என்று கேட்டார். தபாலெல்லாம் வேண்டாம் சார், தீபாவளிக்கு அவரே வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து போடுவார் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் சொன்னபடி செய்கிறவள் என்று இப்போதுதான் அந்த மனிதர் என்னை நம்ப ஆரம்பித்திருக்கிறார். என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள், மாமா.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பிரபா